சயனைடு முறிமருந்து: எதை வாங்குவது, யார் கையில் கொடுப்பது

மின்முலாம் பட்டறை, உலோகங்களைக் கடினப்படுத்தும் உப்பு உலை, தாதுவிலிருந்து தங்கம் பிரிக்கும் கூடம் ஆகிய இடங்களில் பாதுகாப்புப் பொறுப்பை ஏற்றிருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: சயனைடு விபத்துக்கென்று முதலுதவி அறையில் ஒரே ஒரு முறிமருந்தைத்தான் வைக்க முடியும் என்றால் எதை வைப்பது? விற்பனையாளர் ஒன்றைப் பரிந்துரைக்கிறார், பழைய கையேடு வேறொன்றைச் சொல்கிறது, அருகிலுள்ள மருத்துவமனையில் கேட்டால் அவர்களிடம் எதுவுமே இல்லை. இந்தக் குழப்பத்தை மருந்தின் வீரியத்தை மட்டும் வைத்துத் தீர்க்க முடியாது. அந்த மருந்தை யார், எந்த நிமிடத்தில், எந்தப் பயிற்சியோடு கொடுக்கப் போகிறார் என்பதே தேர்வைத் தீர்மானிக்கிறது என்பது என் கருத்து. அந்தக் கோணத்திலிருந்தே கீழே ஒவ்வொன்றையும் எடைபோடுகிறேன்.

எதை வைத்து ஒப்பிடுவது

சயனைடு உயிரணுக்களுக்குள் புகுந்து, மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் என்னும் நொதியின் இரும்பைப் பற்றிக்கொள்கிறது. இரத்தத்தில் ஆக்சிஜன் நிறைய இருந்தும் உயிரணுவால் அதைப் பயன்படுத்த முடியாமல் போகிறது. அதனால்தான் பாதிக்கப்பட்டவரின் சிரை இரத்தம்கூடத் தமனி இரத்தம்போலச் செக்கச்செவேலென்று இருக்கிறது. விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் நல்ல எண்ணைக் காட்டிக்கொண்டிருக்க, எதிரில் இருப்பவர் மூச்சுத் திணறிச் சாய்கிறார். தலைவலி, தலைசுற்றல், வேகமான மூச்சு, பதற்றம், வாந்தி என்று தொடங்கி, வலிப்பு, நினைவிழப்பு, மூச்சு நிற்றல், இதயத்துடிப்பு நிற்றல் என்று அது செல்லும். வாயுவாகச் சுவாசித்தால் சில நொடிகளிலோ நிமிடங்களிலோ இவ்வளவும் நடந்துவிடலாம். உப்பை விழுங்கியிருந்தால் சற்றே அவகாசம் கிடைக்கும். அசிட்டோநைட்ரைல் போன்ற கரைப்பான்கள் உடலுக்குள் சென்று மெதுவாகச் சயனைடாக மாறுவதால், அவற்றின் நஞ்சு பல மணி நேரம் கழித்தே தலைகாட்டும்.

இதிலிருந்து ஐந்து அளவுகோல்கள் பிறக்கின்றன. மருந்து எவ்வளவு விரைவில் வேலை செய்கிறது என்பது முதலாவது. அதைக் கொடுக்க மருத்துவர் வேண்டுமா, பயிற்சி பெற்ற சக தொழிலாளியே போதுமா என்பது இரண்டாவது. மூன்றாவதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்: நம் கணிப்பு தவறாகி, விழுந்தவருக்குச் சயனைடு நஞ்சே ஏறவில்லை என்றால் அந்த மருந்து அவருக்கு எவ்வளவு தீங்கு செய்யும்? நான்காவது, தீப்புகையில் சிக்கியவருக்கும் அது ஒத்துவருமா என்பது. ஐந்தாவது, வாங்கும் விலைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் செலவுகள், அதாவது காலாவதி, சேமிப்பு வெப்பநிலை, பயிற்சி, கூடவே தேவைப்படும் கருவிகள்.

மூன்றாவது அளவுகோலுக்கு நான் கூடுதல் எடை கொடுப்பதற்குக் காரணம் உண்டு. தொழிற்கூடத்தில் சயனைடு நஞ்சை உடனே உறுதிசெய்யும் எளிய இரத்தச் சோதனை எதுவும் இல்லை. இரத்தச் சயனைடு அளவு தெரியவருவதற்குள் சிகிச்சை முடிந்திருக்கும், அல்லது எல்லாமே முடிந்திருக்கும். மருத்துவமனையில், உயிரணு ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியாதபோது இரத்தத்தில் கூடும் லாக்டேட் என்னும் பொருளின் அளவு லிட்டருக்கு 8 மில்லிமோலுக்கு மேல் இருந்தால் ஐயம் வலுப்படும். பெரிய தீக்காயமின்றிப் புகையில் சிக்கியவரிடம் 10-க்கு மேல் இருந்தாலும் அப்படியே. பட்டறைத் தரையில் அந்தச் சோதனையும் கைக்கு எட்டாது. சயனைடுக்கு உரியதாகச் சொல்லப்படும் கசப்பு வாதுமை வாசனையை நம்பலாம் என்பதும் பாதி உண்மைதான். பிறவியிலேயே அந்த வாசனையை உணர முடியாதவர்கள் கணிசமாக இருக்கிறார்கள்.

ஆக்சிஜன் மட்டும்

உயிரணு ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியாதபோது மேலும் ஆக்சிஜன் கொடுத்து என்ன பயன் என்று கேட்பது நியாயம். ஏட்டில் பயனில்லை என்று தோன்றினாலும், ஆக்சிஜன் கொடுப்பது பலனளிப்பதாகவே அனுபவமும் விலங்கு ஆய்வுகளும் காட்டுகின்றன. மற்ற முறிமருந்துகளின் பயனையும் அது கூட்டுகிறது. தவறான கணிப்பில் கொடுத்தாலும் கேடில்லை. அந்த ஒரு சிறப்பு போதும், இதை எல்லாத் தேர்வுகளுக்கும் அடித்தளமாக வைப்பதற்கு. பிரிட்டனின் சுகாதார மற்றும் பாதுகாப்பு நிர்வாகம் ஒரு காலத்தில் ஆலைகள் முறிமருந்து வைத்திருக்க வேண்டும் என்றது; பின்னர் அந்த நிலைப்பாட்டைக் கைவிட்டு, முதலுதவியில் எந்த முறிமருந்தையும் பரிந்துரைப்பதில்லை என்றும், பயிற்சி பெற்றவர் ஆக்சிஜன் கொடுப்பதே சரியென்றும் அறிவித்தது.

ஒளிந்திருக்கும் செலவு இங்கும் உண்டு. உருளையை வாங்கிச் சுவரில் சாய்த்து வைத்தால் ஆயிற்று என்று நினைப்பவர்கள், பை இணைந்த முகமூடியையும், மூச்சு நின்றவருக்குக் காற்றை அழுத்திச் செலுத்தும் ஆம்பு பையையும் வாங்க மறந்துவிடுகிறார்கள். வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுப்பது மீட்பவரையும் சாய்த்துவிடும் என்பதால் ஆம்பு பை இல்லாத உருளை அரை உதவிதான். உருளையில் அழுத்தம் இருக்கிறதா என்று வாரந்தோறும் பார்த்துக் கையெழுத்திட ஒருவரும் வேண்டும்.

அமைல் நைட்ரைட் ஆம்பூல்

நசுக்கி முகரவைக்கும் இந்தச் சிறு கண்ணாடிக் குப்பி, சயனைடு பெட்டிகளில் மிக நீண்ட காலம் இடம்பிடித்திருந்தது. ஊசி தேவையில்லை, மருத்துவர் தேவையில்லை, சட்டைப்பையில்கூட வைத்துக்கொள்ளலாம் என்பதே இதன் கவர்ச்சி. துணியில் சுற்றி நசுக்கி, நிமிடத்துக்கு 15 முதல் 30 நொடிவரை முகரவைத்து, இடையில் ஆக்சிஜன் கொடுத்து, சில நிமிடங்களுக்கு ஒருமுறை புதிய ஆம்பூலுக்கு மாற வேண்டும்.

கவர்ச்சியைத் தாண்டிப் பார்த்தால் குறைகள் கண்ணில் படுகின்றன. எவ்வளவு மருந்து உள்ளே போயிற்று என்று யாருக்கும் தெரியாது. மூச்சே நின்றவர் தாமாக முகர மாட்டார். இரத்த அழுத்தத்தை இது சட்டென்று இறக்கும். ஏற்கெனவே தள்ளாடும் இதயத்துக்கு அது கூடுதல் அடி. எளிதில் ஆவியாகித் தீப்பற்றும் பொருள் என்பதால் திறந்த சுடர் உள்ள உலைக்கூடத்தில் வைப்பதற்கே யோசிக்க வேண்டும். போதைக்காக முகர்வோரும் இருப்பதால் பெட்டியைப் பூட்டி வைக்கிறார்கள். பூட்டி வைத்தால் சாவி எங்கே என்ற கேள்வி வரும். நான் ஒருமுறை பார்த்த பெட்டியில் ஆம்பூல்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தன. காலாவதித் தேதி கடந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. சாவி பகல்நேர மேற்பார்வையாளரின் வீட்டில் இருந்தது. மருத்துவ உதவி மிகத் தொலைவில் இருந்து, பாதிக்கப்பட்டவர் தாமே மூச்சுவிடுகிறார் என்ற நிலையில் மட்டுமே இதற்கு இன்று இடமுண்டு என்று நினைக்கிறேன்.

சோடியம் நைட்ரைட்டும் சோடியம் தயோசல்பேட்டும்

இந்த இணை 1933 முதல் அறியப்பட்டது. நைட்ரைட் இரத்தச் சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபினின் ஒரு பகுதியை மெத்ஹீமோகுளோபினாக மாற்றுகிறது. அதன் இரும்பு, நொதியின் இரும்பைவிடச் சயனைடை ஆர்வமாக ஈர்ப்பதால், நஞ்சு நொதியை விட்டு இரத்தத்துக்கு இடம்பெயர்கிறது. அதற்குப் பின் வரும் தயோசல்பேட், கல்லீரலில் உள்ள ரோடனேஸ் நொதிக்குக் கந்தகத்தை அளித்து, சயனைடைத் தயோசயனேட்டாக மாற்றிச் சிறுநீரகம் வழியே வெளியேற்ற உதவுகிறது. பழைய படச்சுருள்களைக் கழுவிய ஹைப்போவேதான் இந்தத் தயோசல்பேட். பெரியவர்களுக்கு 3 விழுக்காட்டு நைட்ரைட் கரைசல் 10 மில்லி, அதாவது 300 மில்லிகிராம், சிரைவழியாக மெதுவாகச் செலுத்தப்படும். தொடர்ந்து 25 விழுக்காட்டுத் தயோசல்பேட் 50 மில்லி, அதாவது 12.5 கிராம்.

நிறைகள் பல. விலை குறைவு, அளவு தெளிவு, அனுபவம் நீண்டது. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இவ்விரண்டும் முறிமருந்துகளாகவே இடம்பெற்றுள்ளன.

குறை முழுவதும் நைட்ரைட்டின் தோளில் இருக்கிறது. மெத்ஹீமோகுளோபினால் ஆக்சிஜனைச் சுமக்க முடியாது. சயனைடு நஞ்சே இல்லாத ஒருவருக்கு இதைக் கொடுத்தால், நன்றாக இருந்த இரத்தத்தின் ஒரு பங்கை நாமே முடக்குகிறோம். தீப்புகையில் சிக்கியவரின் இரத்தத்தை ஏற்கெனவே கார்பன் மோனாக்சைடு முடக்கியிருக்கும். அவருக்கு நைட்ரைட் ஆபத்து. ஜி6பி.டி. நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்குச் சிவப்பணுக்கள் சிதையும். வேகமாகச் செலுத்தினால் இரத்த அழுத்தம் சரியும். ஆகவே இரத்த அழுத்தத்தைக் கவனித்துக்கொண்டே கொடுக்கத் தெரிந்த மருத்துவக் கை இல்லாத இடத்தில் இந்தப் பெட்டி பொருளற்றது.

தயோசல்பேட்டைத் தனியாகக் கொடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: கொடுக்கலாம், பெரிய தீங்கில்லை, வாந்தி வரலாம், ஆனால் மெதுவாகவே வேலை செய்யும். விழுந்து கிடப்பவருக்கு அது மட்டும் போதாது. மிதமான நஞ்சுக்கும், கணிப்பு உறுதியில்லாத நிலைக்கும், அசிட்டோநைட்ரைல்போல நீண்ட நேரம் சயனைடைச் சுரந்துகொண்டே இருக்கும் பொருள்களுக்கும் அதைத் துணைவனாகச் சேர்ப்பது பொருத்தம்.

ஹைட்ராக்சோகோபாலமின்

இது வைட்டமின் பி12-இன் ஒரு வடிவம். மூலக்கூறின் நடுவே உள்ள கோபால்ட், சயனைடை இறுகப் பற்றி, இரண்டும் சேர்ந்து சயனோகோபாலமினாக, அதாவது வழக்கமான பி12-ஆக மாறிச் சிறுநீரில் வெளியேறுகின்றன. ஹீமோகுளோபினைத் தொடுவதே இல்லை என்பதால் ஆக்சிஜன் சுமக்கும் திறன் குறையாது. கணிப்பு தவறினாலும் பெரிய கேடில்லை, புகையில் சிக்கியவருக்கும் கொடுக்கலாம். மூன்றாவது, நான்காவது அளவுகோல்களில் மற்ற முறிமருந்துகள் இதற்கு ஈடாகா. பிரான்சில் நீண்ட காலம் பயன்பட்ட பின் 2006 டிசம்பரில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இதற்கு ஒப்புதல் அளித்தது. 2013 ஜனவரியில் பிரேசிலின் சாண்டா மரியா நகர இரவு விடுதியில் நேர்ந்த தீவிபத்தில் 242 பேர் இறந்தார்கள். கூரையில் ஒலித்தடுப்புக்காக ஒட்டியிருந்த பாலியூரிதேன் நுரை எரிந்து சயனைடு வாயுவை உமிழ்ந்ததும், உயிர்பிழைத்தவர்களுக்காக இந்த மருந்து வெளிநாட்டிலிருந்து தருவிக்கப்பட்டதும் அப்போது பேசப்பட்டன.

பலர் இங்கே ஒரு குறுக்குவழியைக் கேட்பதுண்டு: மருந்துக்கடையில் கிடைக்கும் பி12 ஊசியையே போடலாமே? கணக்குப் போட்டுப் பாருங்கள். பெரியவர்க்கான முதல் அளவு 5 கிராம். சோகை மருந்தாக வரும் ஹைட்ராக்சோகோபாலமின் ஆம்பூலில் இருப்பது 1 மில்லிகிராம். 5,000 ஆம்பூல்களை உடைக்க வேண்டும். சயனோகோபாலமின் ஊசியோ ஏற்கெனவே சயனைடைப் பிடித்து வைத்திருக்கும் மூலக்கூறு. அதனிடம் இன்னொன்றைப் பிடிக்கக் கை காலியாக இல்லை. 5 கிராம் மருந்தே ஏறத்தாழ 100 மில்லிகிராம் சயனைடைத்தான் பிடிக்கும் என்பதையும் நினைவில் கொண்டால், நஞ்சு மிகுதியானவருக்கு இன்னொரு 5 கிராம் ஏன் தேவைப்படுகிறது என்பது விளங்கும்.

இனி ஒளிந்திருப்பவை. விலை பழைய இணையைவிடப் பல மடங்கு. மூன்று ஆண்டுகளில் காலாவதியாகும். ஒருமுறையும் பயன்படாமல் குப்பைக்குப் போவதற்காகவே வாங்கிக்கொண்டிருக்கிறோம் என்று கணக்காளர் முணுமுணுப்பார். குப்பிக்குள் இருப்பது உலர்ந்த கருஞ்சிவப்புத் தூள். அதில் 200 மில்லி உப்புநீரை (சிரையில் ஏற்றும் சலைன்) ஏற்றி, குலுக்காமல் சுமார் ஒரு நிமிடம் மெல்லச் சாய்த்துச் சாய்த்துக் கரைக்க வேண்டும், குலுக்கினால் நுரைத்துவிடும். பின்னர் அதை 15 நிமிடத்தில் சிரைவழியாகச் செலுத்த வேண்டும். அந்த உப்புநீர் பெட்டியோடு வராமல் தனியாக வாங்க வேண்டியிருக்கும் என்பது விபத்து நடந்த நாளில் தெரியவந்தால் கொடுமை. தயோசல்பேட்டையும் சேர்த்துக் கொடுப்பதானால் இன்னொரு சிரையில் இன்னொரு குழாய் வேண்டும். ஒரே குழாயில் சென்றால் இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும்.

கொடுத்த பிறகு தோலும் சிறுநீரும் சிவக்கும். தோல் நிறம் மாற இரு வாரம்வரை ஆகலாம், சிறுநீருக்கு அதைவிட நீளும். முன்கூட்டியே சொல்லிவைக்காவிட்டால் உறவினர்கள் பதறுவார்கள். இரத்த அழுத்தம் உயரும். அழுத்தம் சரிந்து அதிர்ச்சி நிலையில் இருப்பவருக்கு அது பெரும்பாலும் நன்மையே. ஒவ்வாமையும், சில வேளை சிறுநீரகப் பாதிப்பும் நேரலாம். நிறத்தை அளந்து முடிவு சொல்லும் ஆய்வகக் கருவிகள் குழம்பி, கிரியேட்டினின், பிலிருபின் போன்றவற்றின் எண்கள் தவறாக வரும். கார்பன் மோனாக்சைடு அளவும் அப்படியே. டயாலிசிஸ் கருவி இரத்தம் கசிகிறது என்று எண்ணி நின்றுவிடுவதும் உண்டு. ஆகவே மருந்து ஏறுவதற்கு முன்பே சோதனைக்கு இரத்தம் எடுத்துவிட வேண்டும்.

மற்றவை

டைகோபால்ட் எடிடேட் விரைவானது, வீரியமானது. ஆனால் சயனைடு இல்லாதவருக்குச் செலுத்தினால் அந்தக் கோபால்ட்டே நஞ்சு. முகமும் தொண்டையும் வீங்கும், வலிப்பு வரும், இதயத் துடிப்பு தடுமாறும். கணிப்பு உறுதியாகி, நினைவு தப்பிய நிலையில் மட்டுமே அதைத் தொடலாம். ஜெர்மனியில் புழங்கும் டைமெத்திலமினோஃபீனால் சில நிமிடங்களிலேயே மெத்ஹீமோகுளோபினை உயர்த்தும். நைட்ரைட்டின் குறைகள் அங்கே இன்னும் கூர்மையாகவே வரும். இவ்விரண்டையும் ஆலை அலமாரிக்குப் பரிந்துரைக்க எனக்குத் துணிவில்லை.

| | ஆக்சிஜன் | அமைல் நைட்ரைட் | நைட்ரைட் + தயோசல்பேட் | ஹைட்ராக்சோகோபாலமின் |
|---|---|---|---|---|
| யார் கொடுக்கலாம் | பயிற்சி பெற்ற தொழிலாளி | பயிற்சி பெற்ற தொழிலாளி | மருத்துவர் மேற்பார்வை | மருத்துவர் அல்லது பயிற்சி பெற்ற ஆம்புலன்ஸ் குழு |
| கணிப்பு தவறினால் | கேடில்லை | அழுத்தச் சரிவு | கடும் தீங்கு நேரலாம் | பெரும்பாலும் தாங்கக்கூடியது |
| தீப்புகையில் | கட்டாயம் | தவிர்க்க | நைட்ரைட்டைத் தவிர்க்க | ஏற்றது |
| மறைந்த செலவு | ஆம்பு பை, சரிபார்ப்பு | காலாவதி, பூட்டு, தீ அபாயம் | மருத்துவக் கை, கண்காணிப்பு | விலை, உப்புநீர், தனிக்குழாய் |

எந்த இடத்துக்கு எது

பணியிடத்திலேயே எல்லா நேரமும் மருத்துவரோ சிரையில் ஊசி ஏற்றத் தெரிந்த செவிலியரோ இருந்தால், ஆக்சிஜனோடு ஹைட்ராக்சோகோபாலமினை வைக்கலாம். ஒருவருக்கு இரண்டு அளவு என்று கணக்கிட்டு, ஒரே நேரத்தில் இருவர் விழலாம் என்பதையும் எண்ணி வாங்குங்கள். மீட்கப் போனவரும் விழுவது இந்த நஞ்சில் புதிதல்ல.

பணியிடத்தில் மருத்துவர் இல்லை, ஆனால் அரை மணிக்குள் மருத்துவமனை எட்டும் என்ற நிலைதான் பெரும்பாலோருடையது. இவர்களுக்கு என் பரிந்துரை சற்று வழக்கத்துக்கு மாறானது. முறிமருந்தை ஆலை வாங்கட்டும், ஆலையில் யாரும் செலுத்த வேண்டாம். பெட்டி ஆம்புலன்சோடு போகட்டும், மருத்துவர் செலுத்தட்டும். அரிதாகத் தேவைப்படும் விலையுயர்ந்த மருந்தை எல்லா மருத்துவமனைகளும் இருப்பில் வைப்பதில்லை. நஞ்சேறியவர் வந்து சேர்ந்த பிறகு மருந்தைத் தேடி வண்டி அனுப்புவதில் பொருளில்லை. தொழிலாளிகள் ஆக்சிஜனிலும் மீட்பிலும் மட்டும் தேர்ச்சி பெறட்டும். இந்த ஏற்பாட்டை மருத்துவமனையோடு முன்பே எழுத்தில் செய்துகொள்ள வேண்டும். பணம் அவ்வளவு இல்லாத இடத்தில் இதே ஏற்பாட்டுக்கு நைட்ரைட்-தயோசல்பேட் இணை போதும். மூடிய முலாம் கூடத்தில் தொட்டியருகே விழுந்தவருக்குக் கணிப்பில் ஐயம் குறைவு, தீப்புகைச் சிக்கலும் இல்லை. தீயணைப்புக் குழுக்களுக்கு மட்டும் இந்தச் சிக்கனம் பொருந்தாது.

மருத்துவமனையே பல மணி நேரத் தொலைவில் உள்ள சுரங்க முகாம் என்றால், மருந்தைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் மருத்துவக் கையை அங்கே கொண்டுவர வேண்டும். அது முடியாதென்றால் அந்த இடத்தில் சயனைடைக் கையாளலாமா என்பதையே திரும்ப யோசிக்க வேண்டும்.

மருந்துக்கு முன்னால் செலவிட வேண்டியது

ஹைட்ரஜன் சயனைடு சுமார் 26 பாகை செல்சியசிலேயே கொதிக்கும் பொருள். சயனைடு கரைசலின் பி.எச். அளவு, அதாவது அமில-காரத் தன்மையைக் காட்டும் எண், 11-க்குக் கீழே இறங்க இறங்க இந்த வாயு கூடுதலாக வெளியேறும். ஆகவே விபத்துகள் பெரும்பாலும் அமிலமும் சயனைடும் சந்திக்கும் இடத்தில் நடக்கின்றன: அமிலத் தொட்டியிலிருந்து எடுத்த உலோகத்தைக் கழுவாமல் சயனைடு தொட்டியில் இறக்குவது, இரண்டின் கழிவையும் ஒரே வடிகாலில் விடுவது, ஒரே அறையில் அடுக்குவது. கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பானைச் சயனைடு உப்பின் மீது பயன்படுத்துவதும் இதே தவறுதான், ஈரத்தில் அதுவும் அமிலமாகிறது. வாயு உணர்கருவிக்கு 4.7 பி.பி.எம். (காற்றின் பத்து லட்சம் பங்கில் 4.7 பங்கு) அளவில் எச்சரிக்கை ஒலியை அமைப்பது பொருத்தம். குறுகிய நேரத்துக்கு அமெரிக்க ஆய்வு நிறுவனமான நியோஷ் பரிந்துரைக்கும் உச்ச அளவு அது. 50 பி.பி.எம். என்பது உயிருக்கும் உடலுக்கும் உடனடி ஆபத்து என்று வகுக்கப்பட்ட அளவு. காற்று உருளையுடன் கூடிய மூச்சுக்கருவி அணியாமல் யாரும் மீட்கப் போகக் கூடாது. வெளியே கொண்டுவந்ததும் உடைகளைக் களைந்து, தோலைத் தண்ணீரால் கழுவ வேண்டும்.

1983-இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், பழைய எக்ஸ்ரே படச்சுருள்களிலிருந்து சயனைடு கொண்டு வெள்ளி பிரித்த ஆலை ஒன்றில் ஒரு தொழிலாளி இறந்தார். 1985-இல் அதன் மேலாளர்கள் மூவர் மீது கொலைக்குற்றமே தீர்ப்பானது. பின்னர் மேல்முறையீட்டில் அத்தீர்ப்பு ரத்தானது. வழக்கில் வெளிவந்தவற்றில் மருந்துப் பெட்டியைவிட என்னை உறுத்துவது வேறொன்று: அங்கே வேலை செய்தவர்களில் பலருக்கு ஆங்கிலம் தெரியாது.

எந்தப் பெட்டியை வாங்கினாலும், வாங்கிய வாரத்திலேயே ஓர் ஒத்திகை வையுங்கள். ஒருவர் தொட்டியருகே விழுவதுபோல் படுக்கட்டும், இன்னொருவர் கடிகாரத்தைப் பார்க்கட்டும். முகமூடியில் ஆக்சிஜன் வரும்வரை எத்தனை நிமிடம், பெட்டி வாசலில் நிற்கும் வண்டிக்குப் போய்ச்சேர எத்தனை நிமிடம் என்று குறியுங்கள். இரவுப் பணி நேரத்தில் அதே ஒத்திகையை இன்னொரு முறை வையுங்கள், சாவி யாரிடம் இருக்கிறது என்று அப்போதுதான் தெரியும்.